கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது?

கூரை ஒழுகுகிறது என்று முறையிட்டால் "இம்முறை மழை கொஞ்சம் பலம் தானே" என்று விடை வருகிறது. கூரை போடுவதே மழைக்காகத்தான் என்பதை இந்தக் கட்டடக்காரருக்கு யார் எடுத்துச் சொல்வது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக் காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. சங்கிலியன் காலத்திலும் அப்படித்தான் கொட்டியது. ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்த எமது பாட்டன்மார் மாரிக்கு முன்னரே வேய்ந்து முடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போனார்கள். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மாடிவீட்டின் நடுவிறாந்தையில் வாளி வைத்திருக்கிறார்கள். 2008 நவம்பரில் வந்த நிஷா புயலும் 2020 டிசெம்பரில் வந்த புரவிப் புயலும் மக்களுக்குச் செய்த கேடு பெரிது. ஆனால் அரைகுறையாகக் கூரை போட்ட கொந்தராத்துக்காரர் சிலருக்கு அவை வாய்த்த வரங்கள். தமது குறையையெல்லாம் புயலின் தலையில் சுமத்திவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போய்விட்டார்கள்.

இப்படி ஏமாந்தவனுக்கு எமது நாட்டில் சட்டமே இல்லை என்று பலர் புலம்புகிறார்கள். அது சரியன்று. சட்டம் இருக்கிறது. ஆனால் அது கையில் கடதாசி வைத்திருப்பவனுக்குத்தான் வாய் திறக்கிறது. அவனுக்கும் குறித்த சில ஆண்டுகளுக்குள் வந்தால்தான் திறக்கிறது. எம்மவர் கடதாசி எழுதுவதில்லை. எழுதினாலும் காலத்தோடு அசைவதில்லை. இவை இரண்டையும் நன்கு அறிந்த அரசோ வீடு கட்டுபவனுக்கென்று ஒரு தனிப் பாதுகாப்பை இதுவரை விதித்ததில்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் வாளியை விறாந்தையில் வைத்திருக்கின்றன.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து அன்பர் ஒருவர் எனக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதியிருந்தார். பெயரைத் தவிர்க்கிறேன், அவரைப் போன்றவர்கள் இதை வாசிப்போரில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்பதால் பெயருக்குத் தேவையுமில்லை. வலிகாமத்தில் தாயாருக்காக ஒரு வீடு கட்டினார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்ட வீடு. பின்னொரு நாள் மேல்மாடி எடுக்கலாம் என்ற எண்ணம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. "எங்கட ஆள் தானே அண்ணை" என்பதே ஒப்பந்தம். காசு உண்டியல் வழியாகப் போனது. முதல் மாரியில் அறை முகட்டில் ஈரம் படர்ந்தது. கொந்தராத்துக்காரர் வந்து பார்த்து, புதுச் சீமெந்து அப்படித்தான், காய்ந்துவிடும் என்றார். இரண்டாம் மாரியில் சொட்டத் தொடங்கியது. சீமெந்துக் கூழ் கரைத்துத் தட்டின்மேல் ஊற்றிவிட்டுப் போனார். மூன்றாம் மாரியில் எண்பது வயதுத் தாயார் தம் கட்டிலை இரவில் மூன்று முறை இழுத்து வைத்துப் படுத்திருக்கிறார். கொந்தராத்துக்காரரின் கைத்தொலைபேசி இப்போது இயங்குவதில்லை. "சட்டத்தில் எனக்கு இடமுண்டா?" என்று கேட்கிறார் அன்பர்.

சட்டத்துக்குப் போகுமுன் தட்டுக்குப் போவோம். ஏனெனில் எது பிழை என்று சொல்லத் தெரியாதவனால் யார் பிழை என்று சொல்ல முடியாது.

கொங்கிறீற்றுத் தட்டு ஒழுகுவதற்குப் பெரும்பாலும் நான்கைந்து காரணங்களே உண்டு. அவை எல்லாம் கட்டும் நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுபவை. தண்ணீர் வழிந்தோடத் தட்டுக்குச் சாய்வு வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிய வேண்டும். எம்மூர்த் தட்டுக்கள் பலவற்றில் சாய்வே இல்லை. மழை விட்ட மறுநாளும் குளம் போல் நீர் நிற்கும், காகம் குளிக்கும். அடுத்தது, கலவையில் அள்ளி ஊற்றும் தண்ணீர். கலவை இளகியிருந்தால் கொட்டிப் பரப்புவது இலகு. கூலியாளுக்கு நேரம் மிச்சம். மிகுதித் தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போகும்போது அது நின்ற இடமெல்லாம் நுண்துளைகளாகின்றன. கொட்டிய பின் ஒரு கிழமையாவது தட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதுவும் செய்வதில்லை, இரண்டாம் நாளே கிணற்று மோட்டரை நிறுத்திவிடுவார்கள். கம்பிக்குக் கீழே ஓர் அங்குலமளவு கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டிய இடத்தில் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கும். கரையோர மணலைக் கழுவாமல் கலந்தால் அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னத் தொடங்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். இவ்வகை ஒழுக்கு முதல் மாரியில் தெரியாது. மூன்று நான்கு மாரி கழிந்தே தலைகாட்டும். கால எல்லைகளைப் பற்றிப் பேசும்போது வாசகர் இதை மறக்கலாகாது.

ஓட்டுக்கூரையிலும் இதே கதைதான். மரம் மிச்சம் பிடிப்பதற்காகக் கூரையைத் தாழ்த்துவார்கள். ஓட்டின் பொருத்துக்குள் தண்ணீர் பின்னோக்கி ஏறும். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்துப் பீலித் தகரத்தை நான்கு விரல் ஏற்றிப் போட வேண்டிய இடத்தில் ஒரு விரல் ஏற்றுவார்கள். சீற் அடித்த வீடாயின் ஆணியை மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்திருப்பார்கள். இவற்றுள் ஒன்றுகூட மழையின் குற்றமன்று.

இனிச் சட்டம். இலங்கையில் கட்டட ஒப்பந்தங்களுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டமே. வேலையை ஏற்றவன் தொழிலறிந்தவன் செய்வது போல் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் நெறி. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை; வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தமே. காணி விற்பனைக்குத்தான் நொத்தாரிசு வேண்டும், வீடு கட்டும் ஒப்பந்தத்துக்கு வேண்டியதில்லை. செய்த வேலை குறையாயின் திருத்தித் தரும்படி கேட்கலாம். திருத்தாவிடின் வேறொருவரைக் கொண்டு திருத்தி அந்தச் செலவை நட்டஈடாகக் கோரலாம். இன்னும் கொடுக்கவேண்டிய பணம் இருந்தால் அதை நிறுத்தி வைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் சேவை வழங்குபவர் தக்க கவனத்தோடும் திறனோடும் வழங்க வேண்டும் என்று சொல்கிறது. வாசிக்க எல்லாம் இனிக்கிறது.

கசப்பு இனித்தான். பாவனையாளர் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதாயின் சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்யவேண்டும் என்பது அந்தச் சட்டம் வைத்த கெடு. எமது மக்கள் வீடு குடிபூருவது பெரும்பாலும் எப்போது? நல்ல மாதம் பார்த்து வைகாசியில். வைகாசியில் குடிபூர்ந்தவனுக்கு ஆவணியோடு முறைப்பாட்டுக் காலம் முடிந்துவிடுகிறது. மாரியோ ஐப்பசியில்தான் தொடங்குகிறது. கூரையை மழை ஒருமுறையேனும் தொடுமுன்னரே கூரையைப் பற்றி முறையிடும் உரிமை போய்விடுகிறது! மின்விசிறியும் அரிசிக் குக்கரும் வாங்குபவனை மனதில் வைத்து எழுதிய கெடுவை வீட்டுக்கும் பொருத்தி வைத்திருக்கிறார்கள். சட்டம் இயற்றிய மன்றத்தில் வடக்குக் கிழக்கின் உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அடுத்த வழி நீதிமன்றம். வழக்குகளுக்குக் காலக்கெடு விதிப்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விக்ரோரியா மகாராணி காலத்துச் சட்டம். இன்றும் அதுவே ஆள்கிறது. எழுத்தில் அமைந்த ஒப்பந்தமாயின் மீறல் நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள். எழுதாத ஒப்பந்தமாயின் வழக்குரிமை பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள். ஒப்பந்தத்தை விட்டு, கவனயீனத்தால் விளைந்த நட்டம் என்று வழக்காடினால் இரண்டு ஆண்டுகள். ஒரு தாள் எழுதியவனுக்கும் எழுதாதவனுக்கும் இடையிலுள்ள தூரம் மூன்று மாரி. கம்பி துருப்பிடித்து வரும் ஒழுக்கு நான்காம் மாரியில் தோன்றுமாயின் வாய்ப்பேச்சில் வீடு கட்டியவன் நீதிமன்ற வாசலில் எந்த நாளிலிருந்து காலத்தை எண்ணுவது என்ற தர்க்கத்திலேயே தலைமயிர் நரைக்க வேண்டியதுதான். மாவட்ட நீதிமன்றத் தாழ்வாரங்களில் நிருபனாக நின்ற ஆண்டுகள் எனக்குச் சில உண்டு. பங்குக் காணி வழக்குகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு முதிசமாக இறங்கியதைப் பார்த்தவன் நான். கூரை வழக்குக்கு மட்டும் அங்கே தனி வேகம் கிடையாது.

தொகை சிறிதாயின் நேரே நீதிமன்றம் போகவும் முடியாது. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்த பின்னரே வழக்கு. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மேசனும் வீட்டுக்காரரும் ஒரே ஊராக இருக்கும்போது சபையில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினாலே பாதி அலுவல் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்காரர் ரொறன்ரோவில், கொந்தராத்துக்காரரின் தொலைபேசி மௌனத்தில் என்றால் சபை யாரை வைத்து இணக்கம் பேசும்?

நிர்மாணத் துறைக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. முன்பு இக்டாட் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் இடத்தில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஒப்பந்தகாரரைத் தரம் பிரித்துப் பதிகிறது. மாதிரி ஒப்பந்தப் படிவங்களை வெளியிடுகிறது. அந்தப் படிவங்களின்படி நடக்கும் வேலைகளில், வேலை முடிந்த பின் குறைகளைத் திருத்திக் கொடுக்க வழக்கமாக ஓராண்டுக் காலம் வைக்கிறார்கள். அதுவரை நூற்றுக்கு ஐந்தளவு பணத்தைக் கையில் பிடித்து வைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு கட்டாயமாவது சட்டத்தில் குறித்துரைத்த வகை வேலைகளுக்கே. பாலமும் பாடசாலைக் கட்டடமும் கட்டுபவனுக்கு இந்தக் கட்டுப்பாடு. வலிகாமத்தில் ஒரு கிழவிக்கு வீடு கட்டுபவனுக்கு ஒரு கட்டுப்பாடுமில்லை. அரசு தன் கட்டடத்தை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. குடிமகனின் கட்டடம் குடிமகன் பாடு.

இப்போது ரொறன்ரோ அன்பரின் வீட்டுக்குப் போவோம். நான் சொல்வது அவர் இன்று குடியிருக்கும் வீடு. ஒன்ராறியோவில் புதுவீட்டு உத்தரவாதத் திட்டத்துக்கான சட்டம் 1976 இல் வந்தது. அதன்படி புதுவீடு விற்பவர் உத்தரவாதம் தந்தேயாக வேண்டும். வேண்டாம் என்று வாங்குபவரே எழுதிக் கொடுத்தாலும் அந்த உத்தரவாதம் அழியாது. வேலைப்பாட்டுக் குறைகளுக்கு ஓராண்டு. கட்டடத்தின் வெளிப்புற மூடலினூடாக நீர் புகுதல் போன்றவற்றுக்கு ஈராண்டு. பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஏழாண்டு. கட்டியவர் கைவிட்டால் டேரியன் என்ற அமைப்பிடம் போகலாம். டேரியன் ஒன்றும் கற்பகதரு அன்று. அது கட்டுபவர் பக்கம் சாய்கிறது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. மாகாணக் கணக்காய்வாளர் நாயகமே 2019 இல் அதைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் விமர்சிப்பதற்காவது அங்கே ஒன்று இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கும்போது இந்தப் பத்திரங்களையெல்லாம் சட்டத்தரணியை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் கையொப்பமிடும் எம்மவர், அதே கையால் ஊர் வீட்டுக்கு ஒரு தாளும் எழுதாமல் இலட்சம் இலட்சமாக அனுப்புகிறார்கள். இதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அங்கே யாரையும் நம்புவதில்லை, இங்கே யாரையும் நம்பலாம் என்றா எண்ணம்?

வேறு நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியக் கொலம்பியாவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய மாடிக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் ஒழுகியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1998 இல் விசாரணை ஆணைக்குழு அமைந்தது, அதே ஆண்டு வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நியூசிலாந்தில் ஒழுகும் வீடுகள் ஒரு தேசிய அவலமாகி, 2009 இல் அரசு பெற்ற மதிப்பீட்டில் பாதிக்கப்பட்ட வீடுகள் 42,000 அளவில் என்றும் செலவு 11.3 பில்லியன் நியூசிலாந்து டொலர் என்றும் கணக்கிடப்பட்டது. சரிவரப் பார்வையிடாமல் கட்டடத்தை அங்கீகரித்த நகரசபையும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டு வழக்கொன்றில் 1996 இல் பிரிவுக் கவுன்சில் உறுதிப்படுத்தியது. அந்தப் பிரிவுக் கவுன்சில் 1971 வரை எமக்கும் இறுதி நீதிமன்றமாக இருந்தது. இங்கிலாந்தில் 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குடியிருக்கத் தகாத வீடு கட்டியவர்மீது வழக்கிடும் காலத்தை ஆறு ஆண்டிலிருந்து பதினைந்தாக நீட்டியது. இவர்களெல்லாம் பணக்கார நாட்டவர் என்று சொல்லித் தப்ப நினைப்பவர்களுக்குப் பாக்குநீரிணைக்கு அப்பால் காட்டுகிறேன். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, வீடு கையளித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை தோன்றி அறிவித்தால், கட்டி விற்றவர் முப்பது நாட்களுக்குள் தம் செலவில் திருத்தித் தரவேண்டும் என்கிறது. தனி மனிதன் தன் காணியில் மேசனை வைத்துக் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆயினும் சென்னையில் தொடர்மாடி வீடு வாங்கியவனுக்கு ஐந்து மாரிக்காலம் உண்டு. வெள்ளவத்தையில் வாங்கிய எம்மவனுக்கு?

வெள்ளவத்தை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மேல்மாடி வீட்டுக்காரர் பலர் ஒழுக்கைத் தம் தனித் தலைவிதியாக எண்ணிக் காசைக் கொட்டுகிறார்கள். தொடர்மாடியின் கூரை பொதுச் சொத்து. அதைப் பேணும் கடமை எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு உரியது. கீழ்மாடிக்காரர் "எனக்கு ஒழுகவில்லையே" என்று கையை விரிக்க முடியாது.

இனி யாரும் பேச விரும்பாத ஒரு பக்கம். போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகளில் பெருந்தொகையானவை பயனாளியே முன்னின்று கட்டும் முறையில் எழுந்தவை. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. சனத்தின் கையிலேயே காசைக் கொடுத்தது நல்ல கொள்கை. கொள்ளை அடிப்பவன் இடையில் புக முடியவில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்த வீட்டைக் கட்டியவர் யார்? வன்னியில் கணவனை இழந்து பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருந்த அந்தப் பெண்ணே கட்டடக்காரர். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் நல்ல மேசனுக்குத் தட்டுப்பாடு; கிடைத்தவனைப் பிடித்துக் கட்டினார்கள். காசு போதாமல் நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். பின்னர் கூரை ஒழுகியபோது கொடுத்தவர் பொறுப்பில்லை, மேற்பார்வை செய்தவர் பொறுப்பில்லை, மேசன் வேறு ஊர். தன்மீதே வழக்குப் போட வேண்டிய நிலையில் அந்தப் பெண் நிற்கிறார். வீட்டுத் திட்டம் வகுப்பவர்கள் வீடுகளின் தொகையை எண்ணுகிறார்கள். கையளித்து ஐந்தாம் ஆண்டில் அவற்றுள் எத்தனை ஒழுகுகின்றன என்று எண்ணும் அலுவலர் ஒருவரையாவது நான் இதுவரை சந்தித்ததில்லை.

இப்படி எழுதினால் "மேசன்மாரின் வயிற்றில் அடிக்கிறீர்" என்று சிலர் வருவார்கள். வரட்டும். நாட்கூலிக்கு வெயிலில் நிற்கும் மேசனை நான் குற்றஞ் சொல்லவில்லை. மேலே சொன்ன 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்கிட ஓர் ஆண்டுதான் கெடு. வீட்டுக்காரனுக்காவது வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு உண்டு. பாக்கிக் காசு வராத மேசனுக்கு ஒரே ஆண்டு! வீடு குடிபூர்ந்த பின் "பிறகு தாறன்" என்று மூன்று நான்கு மாதம் இழுத்தடித்து ஏமாற்றும் வீட்டுக்காரரும் எம்மிடையே தாராளமாக உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் மேசனுக்கும் ஆறு ஆண்டு கிடைக்கும். தாள் இருவருக்கும் குடை. அதை வேண்டாம் என்று சொல்பவர் இருவருக்கும் இடையில் நின்று தரகு பார்க்கும் கொந்தராத்துக்காரர் மட்டுமே.

"எங்கட ஆளிடம் எழுத்துக் கேட்டால் மரியாதையில்லை" என்பது அடுத்த வாதம். மகளுக்குச் சீதனம் எழுதும்போது நொத்தாரிசிடம் போய்க் காணியின் நான்கு எல்லையும் பரப்பும் குழியும் எழுதுகிறோம். மருமகனுக்கு மரியாதைக் குறைவென்று யாரும் கோபித்ததில்லை. மேசனோடு மட்டும் எங்கிருந்து இந்தக் கூச்சம் வந்தது?

அன்பருக்கு நான் எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்துத் தருகிறேன். கூரையைத் திருத்துமுன் படம் எடுங்கள். நாள் தெரியும்படி எடுங்கள். திருத்திவிட்டால் சாட்சியமும் அதோடு மறைந்துவிடும். பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பார்வையிடுவித்து, எது பிழை, ஏன் பிழை, திருத்த எவ்வளவு செல்லும் என்று எழுத்தில் பெறுங்கள். நிபுணர் கருத்தை எமது சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்கிறது. பழைய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "தட்டு ஊத்தியாச்சு, மிச்சக் காசை அனுப்புங்கோ" என்று அவர் அனுப்பிய ஒரு வரியே ஒப்பந்தம் இருந்ததற்குச் சான்று. 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. உண்டியல் காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்றாலும், பெற்றுக்கொண்டேன் என்று அவர் அனுப்பிய செய்தி இருக்கும். ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் விமானம் ஏற வேண்டியதில்லை. பின்னர் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, இத்தனை நாளுக்குள் திருத்தாவிடின் வேறொருவரைக் கொண்டு திருத்திச் செலவை அறவிடுவேன் என்று தெளிவாகச் சொல்லட்டும். அவர் வீடு கையேற்று இரண்டாண்டும் எட்டு மாதமும் ஆகின்றன. கவனயீனத்துக்கான இரண்டு ஆண்டு பெரும்பாலும் கைநழுவிவிட்டது. எழுதாத ஒப்பந்தத்தின் மூன்று ஆண்டை கையேற்ற நாளிலிருந்தே எண்ணினால் நான்கு மாதம் எஞ்சியிருக்கிறது. பொங்கலுக்குப் பின் பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம் என்று எழுதினேன். நான் சட்டத்தரணி அல்லன். சட்டத்தரணியிடம் போகும்படி சொல்லும் பத்திரிகைக்காரன் மட்டுமே.

இனிக் கட்டப் போகிறவர்கள் ஒன்றரைத் தாள் எழுதினால் போதும். யார், எந்தக் காணியில், எந்தப் படத்தின்படி, எவ்வளவு தொகைக்கு. கூரையின் சாய்வு எவ்வளவு, கம்பி எவ்வளவு, சீமெந்தும் மணலும் கல்லும் எந்த விகிதம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு. நூற்றுக்குப் பத்துப் பணம் இரண்டு மாரி கழியும்வரை வீட்டுக்காரர் கையில். இரண்டு மாரி என்றே எழுதுங்கள். ஓராண்டு என்று எழுதினால் தையில் வீடு முடித்தவர் மறு தையில் காசைக் கேட்டு வருவார்; அந்த ஒரு மாரி வரட்சியாகப் போய்விட்டால் அதோடு உங்கள் பிடி போச்சு. தட்டுப் போட்டவுடன் ஓரங்களில் சேற்று வரம்பு கட்டி, தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாள் நிற்கவிட்டுக் கீழே பாருங்கள். மாரியைக் காத்திருக்காமல் மாரியை வரவழைக்கும் வழி இது ஒன்றுதான்.

கொழும்பில் சட்டம் திருந்தும்வரை ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு கட்ட அனுமதி கொடுப்பதும், கட்டி முடிந்தபின் அனுமதித்த படத்தின்படி அமைந்திருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதும் எமது பிரதேச சபைகளும் நகரசபைகளும் மாநகரசபையுமே. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தொடங்கி இந்த அதிகாரம் அவற்றிடம் இருக்கிறது. தெருவிலிருந்து மதில் எத்தனை அடி, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து பார்க்கிறார்கள். நல்லது. ஏணி வைத்துக் கூரையில் ஏறி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இப்போது இந்தச் சபைகளில் இருக்கிறார்கள். தெருவிளக்கும் வாய்க்காலும் பேசி முடிந்த ஒரு மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, கட்டட அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு வரி சேர்க்கும்படி பிரேரிக்கலாம். ஒன்று, கட்டுபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். இன்று அந்த விண்ணப்பத்தில் காணிக்காரர் இருக்கிறார், படம் வரைந்தவர் இருக்கிறார், கட்டுபவர் எங்குமில்லை. மற்றது, இறுதிச் சான்றிதழ் கேட்கும்போது கூரைக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்த நாளும் பார்த்தவர் கையொப்பமும். இதற்குப் பாராளுமன்றமும் வேண்டாம், மாகாணசபையும் வேண்டாம். பிரேரிக்கும் உறுப்பினர் எந்தக் கட்சியாயினும் அவர் பெயரை இப்பக்கத்தில் எழுதக் காத்திருக்கிறேன்.